கூத்தையா தொட்ட சர்வர்

லாரியிலிருந்து அதை இறக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. பாம்பனுக்குப் பக்கத்து மண்டபம் ஊரின் பெண்கள் மேல்நிலைப் பள்ளி வராந்தாவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நால்வரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். சென்னையில் ஒரு கம்பெனி இடம் மாறும்போது கழித்துவிட்ட பொருள். பள்ளிக்கூடத்துக்கு உதவட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். 2007ஆம் வருசம், ஆகஸ்ட் மாதம்.

தலைமையாசிரியை சேதுலட்சுமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைச் சுற்றிவந்தார். இடுப்பளவு உயரம், கறுப்புத் தகடு, முன்பக்கம் ஒரு சின்னக் கதவு.

"கம்ப்யூட்டர் தர்றோம்னுல்ல சொன்னாக. இது பீரோ மாதிரி இருக்கு?"

வாட்ச்மேன் கூத்தையா கேட்டைச் சாத்திவிட்டு அப்போதுதான் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் முன்னால் குனிந்து கதவின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"இது சர்வருங்கம்மா" என்றார்.

பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் டீச்சர் நாகலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"இதுக கூடத்தான் டீச்சர் பதிமூணு வருசம் இருந்தேன்."

கூத்தையாவுக்குச் சொந்த ஊர் அபிராமத்துக்குப் பக்கம். மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1992இல் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்து சவூதிக்குப் போனார். தமாமில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் துப்புரவு வேலை. அங்கே மூன்றாம் மாடியில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அறை இருந்தது. வெளியே தார் உருகும் வெயில் அடிக்கும்போது உள்ளே மார்கழிக் குளிர். வரிசை வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாகப் பச்சை விளக்குகள் ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருக்கும். தினம் காலை ஏழு மணிக்குச் செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஈரமே தெரியாத அளவுக்குப் பிழிந்த துணியால் தரையைத் துடைக்க வேண்டும். பெட்டிகளில் விரல்கூடப் படக் கூடாது. கதவில் ஒரு கையின் படம் போட்டு, அதன் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தார்கள்.

இதெல்லாம் என்ன செய்கிறது என்று மலையாளத்து மேஸ்திரியிடம் ஒரு தடவை கேட்டார். "இது நின்னா துறைமுகத்துல கப்பல் நிக்கும்" என்றான் அவன். அன்றிலிருந்து துடைக்கும் துணி பெட்டியின் காலில் உரசினால்கூட கூத்தையாவுக்கு உடம்பு சிலிர்த்துப்போகும்.

நாகலெட்சுமி அபிராமத்து உக்கிரபாண்டியின் மகள். கூத்தையாவும் அவர் தாயும் மிளகாய்ப்பழம் பறித்த காடு அவர்களுடையதுதான். ஊரில் அந்த வீட்டார் கூத்தையாவை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் திரும்பி இந்தப் பள்ளியில் அவர் வாட்ச்மேன் வேலையில் சேர்ந்த முதல் நாளே இவள் 'கூத்தையாண்ணே' என்று கூப்பிட்டபோது அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவளுக்கு அந்தப் பெட்டியை வைத்து ஒரு திட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் அறையில் ஒன்பது கம்ப்யூட்டர்கள். கடல் முந்நூறு அடி தூரத்தில். உப்புக் காற்று புகுந்து புகுந்து, எட்டில் உள்ளிருந்த ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அதைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் நின்று எட்டிப் பார்க்கும்.

"எட்டும் டிஸ்க் இல்லாமலே ஓடும்ணே" என்று அவள் விளக்கினாள். "இந்த ஒரு சர்வர்ல ஆபரேட்டிங் சிஸ்டம் ஏத்திட்டாப் போதும். எட்டும் ஒயர் வழியா இதுலேர்ந்து உயிர் வாங்கிக்கும். இப்ப வர்ற பெரிய சிஸ்டம் எதையும் இந்த வயசான மெசின் தாங்காது. லினக்ஸ்னு ஒண்ணு இலவசமாக் கெடைக்குது, அதைத் தாங்கும்."

"அது ஏறலைன்னா?"

"ஏறலைன்னா இது வெறும் இரும்புண்ணே."

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள்ளிருந்த விசிறிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ஜன்னல் கம்பியில் இருந்த காக்கா பறந்தது. நாகலெட்சுமி பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள். கூத்தையா மட்டும் சிரித்தார். "பயப்படாதீக டீச்சர். மொதல்ல இப்படித்தான் கத்தும். இப்ப அடங்கும் பாருங்க." சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த இரைச்சல் தணிந்து, சீராக மூச்சுவிடுகிற சத்தமாக மாறியது. தமாமை விட்டு வந்து இரண்டு வருசமாகக் கேட்காத சத்தம். அவர் பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சர்வரின் சி.டி. டிரைவ் எந்தத் தட்டையும் படிக்க மறுத்தது. ஃபிளாப்பி வழியாகத்தான் தொடங்க வேண்டும் என்று அலமாரியைக் குடைந்து பன்னிரண்டு ஃபிளாப்பி எடுத்தாள். எல்லாவற்றிலும் பூஞ்சை. ஒரு மதியம் முழுக்க எழுதி எழுதிப் பார்த்ததில் பிழையில்லாமல் தேறியவை மூன்று. அவளுக்கு வேண்டியதும் மூன்றுதான். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, மீதியை ஓடுகிற கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக இழுக்கும்படி செய்தாள். நீலத் திரை வந்தது. மொழி கேட்டது, நேரம் கேட்டது. பிறகு, எழுதிவைக்க டிஸ்க் எதுவும் காணவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

"எப்படிண்ணே காணாமப் போகும்? கண்ணு முன்னாடி நாலு டிஸ்க் இருக்கு!"

திரும்பத் திரும்ப மூன்று நாள் அதே பதில். நாலாம் நாள் சாயங்காலம் அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "நாளைக்கு ஹெச்.எம். கிட்டச் சொல்லிடறேன். பழைய இரும்புக்குப் போட்டுரலாம்."

கதவோரம் நின்ற கூத்தையா ஓரடி உள்ளே வந்தார். ஒரு வாரமாக அவர் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. படித்த பிள்ளை செய்கிற வேலையில் நாம் போய் என்ன சொல்வது என்று அடக்கி வைத்திருந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீக. அங்கன இப்படிச் செய்ய மாட்டாக."

"எங்கன?"

"தமாம்ல. இதே மாதிரிப் பெட்டி. ஒரு பிலிப்பைன்ஸ்காரர் வருவாரு. புதுசா சிஸ்டம் ஏத்துறதுக்கு முன்னாடி அவரு வேற ஒண்ணு செய்வாரு. நான் மூலையில மாப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். என்னையப் போகச் சொல்ல மாட்டாரு. எத்தனையோ வாட்டி பார்த்திருக்கேன்."

"என்னண்ணே செய்வாரு?"

"பேரு தெரியாது டீச்சர். இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது. கை தெரியும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கூத்தையா கண்ணை மூடிக்கொண்டார். "சுவிட்சைப் போட்டதும் கத்தி அடங்கும். அப்புறம் உள்ள இருக்கிற டிஸ்க்குக ஒண்ணொண்ணா எந்திரிக்கும். ம்ம்ம்... ம்ம்ம்... அப்படின்னு நாலு சத்தம். நாலாவது அடங்குனதும் உள்ளேர்ந்து சின்னதா ஒரு பீப். அந்த பீப்புக்குத்தான் அவரு காத்துக்கிட்டு இருப்பாரு. கேட்டதும் ரெண்டு கையையும் இப்படி வைப்பாரு." அவர் காற்றிலே கைகளை வைத்துக் காட்டினார். இடது கையின் சுண்டுவிரல் கீழ் மூலையில் அழுத்தியிருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம், கீழ் வரிசையில்.

நாகலெட்சுமி அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு கீபோர்டைத் தூக்கி அந்தக் கைகளுக்குக் கீழே பிடித்தாள். சுண்டுவிரல் கன்ட்ரோல் கட்டையில் விழுந்தது. ஆள்காட்டி விரல் எம் எழுத்தில்.

"அந்த நேரத்துல ஸ்கிரீன் கறுப்பா இருக்குமேண்ணே. இந்த மானிட்டர் கண்ணைத் திறக்கவே நேரமாகுது."

"கறுப்பா இருந்தா இருக்கட்டும் டீச்சர். சத்தம் கேக்கும்ல?"

சுவிட்சை அணைத்துப் போட்டார்கள். பெட்டி கத்தி அடங்கியது. டிஸ்க்குகள் எழுந்தன. ஒன்று. இரண்டு. மூன்றாவது எழும்போது கொஞ்சம் இருமியது. நான்கு. இருவரும் மூச்சுக் காட்டவில்லை. வெளியே பாம்பன் பக்கம் ரயில் ஒன்று ஊதியது. அந்தச் சத்தத்துக்கு அடியில், பூச்சி கத்துகிற மாதிரி, ஒரு பீப்.

"இப்ப!"

அவள் கறுப்புத் திரையைப் பார்த்தபடியே இரண்டு கட்டைகளையும் அழுத்தினாள். மானிட்டர் மெல்லக் கண்ணைத் திறந்தது. இதுவரை அவர்கள் பார்த்தேயிராத ஒரு பக்கம் அங்கே விரிந்திருந்தது. சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக, டிஸ்க் நாலுக்கும் நாலு வரி.

"கூத்தையாண்ணே..." என்றாள் நாகலெட்சுமி. பெட்டிக்குள் ஒரு வாசல் இருந்திருக்கிறது. இங்கிலீஷ் எழுத்துத் தெரியாத ஒரு மனுசர் அதன் சாவியைப் பதினைந்து வருசமாக விரலில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

கூத்தையா அவளைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார். அந்தப் பிலிப்பைன்ஸ்காரரின் தோளுக்கு மேலாகத் தூரத்திலிருந்து பார்த்த அதே கட்டங்கள். இவ்வளவு கிட்டத்தில் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அவள் வரிகளைப் படித்துச் சொன்னாள். நாலு டிஸ்க்கும் சேர்ந்து ஒரே டிஸ்க்காக வேலை செய்யும்படி யாரோ கட்டிவைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு, சுற்றினாலும் எதையும் படிக்க முடியாமல் செத்துப்போனதால் கட்டு அவிழ்ந்துவிட்டது. அதனால்தான் டிஸ்க்கே இல்லை என்று சொல்கிறது. நல்ல இரண்டையும் மட்டும் சேர்த்துப் புதுசாகக் கட்டினால், ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

"செத்த ரெண்டையும் வெளிய எடுத்துரலாம். ஆஃப் பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் டீச்சர். ஓடும்போதே எடுப்பாக. மஞ்சள் லைட்டு எரியுதுல்ல, அந்த ரெண்டுதான். ஒரு அங்குலம் மட்டும் இழுத்துட்டு, உள்ள சுத்துறது நிக்கிற வரைக்கும் பொறுக்கணும். அப்புறந்தான் முழுசா உருவணும்."

"அப்ப நீங்களே எடுங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கை அவிழவில்லை. "நானா? நான் தொடலாமா?"

"இங்கன யாருண்ணே உங்களைத் தடுக்கறது?"

கூத்தையா வேட்டியில் இரண்டு கையையும் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். சின்னக் கதவைத் திறந்து, மஞ்சள் விளக்கு எரிந்த தட்டின் பிடியில் விரலை வைத்தார். உள்ளே நடுக்கம் இருந்தது. ஆட்டுக்குட்டியின் விலாவில் கை வைத்தால் தெரிகிற மாதிரி, உயிருள்ள நடுக்கம். பதிமூன்று வருசம் கண்ணால் மட்டும் பார்த்திருந்தார். அது சூடாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு அங்குலம் இழுத்தார். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, விரல் நுனியில் நின்றுபோனது. பிறகு உருவி எடுத்து, இரண்டு கையாலும் மேசையில் வைத்தார். இரண்டாவதையும் அப்படியே எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நாகலெட்சுமி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

திரை கடைசியாக ஒன்று கேட்டது. இதிலிருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?

"யாரோ பத்து வருசம் எழுதி வச்சதா டீச்சர்?"

"ஆமாண்ணே. ரெண்டு டிஸ்க் செத்த அன்னைக்கே அது போயிருச்சு. இனி யாராலயும் படிக்க முடியாது."

அவர் தலையசைத்தார். அவள் சம்மதம் கொடுத்தாள்.

மறுநாள் லினக்ஸ் ஏறத் தொடங்கியது. டிஸ்க் இருக்கிறது என்று இந்தத் தடவை ஒப்புக்கொண்டது. நீலத் திரையில் ஒரு சிவப்புக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. அறுபது, எழுபது, எண்பத்தொன்று. அப்போது கரண்டு போனது. யு.பி.எஸ். பேட்டரியும் எப்போதோ உப்புக் காற்றுக்கு இரையாகியிருந்தது. பெட்டி ஒரு பெருமூச்சுவிட்டு அடங்கியது. நாகலெட்சுமி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"சனிக்கெழமை வாங்க டீச்சர்" என்றார் கூத்தையா. "கரண்டுக்கு நான் பொறுப்பு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மைக் செட் முஹைதீன் தள்ளுவண்டியில் தன் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு கேட்டுக்குள் வந்தார். கல்யாணம் காதுகுத்துக்கு மட்டுமே வெளியே வருகிற ஜெனரேட்டர் அது.

"என்ன கூத்தையா, கம்ப்யூட்டருக்குக் காதுகுத்தா?"

"அப்படித்தான் வச்சுக்கங்க பாய். ஒரு நாலு மணி நேரம், நடுவுல மட்டும் நின்றக் கூடாது."

"இன்ஷா அல்லா, டீசல் இருக்கிற வரைக்கும் நிக்காது."

நிற்கவில்லை. முஹைதீன் பாய் வேப்பமரத்தடியில் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே கோடு ஊர்ந்தது. எண்பத்தொன்று வந்தபோது நாகலெட்சுமி எழுந்து நின்றாள். எண்பத்திரண்டு. தொண்ணூறு. இரண்டு மணி சுமாருக்குத் திரை முழுக்கக் கறுத்து, ஃபிளாப்பி எதுவும் இல்லாமல், பெட்டி தானாகவே எழுந்தது. வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி கீழிருந்து மேலே ஓடின. தன்னிடம் இத்தனை மூளை, இத்தனை நினைவு, இத்தனை டிஸ்க் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எண்ணிச் சொல்லிக்கொண்டே போனது. மயங்கிக் கிடந்தவர் முழித்துக்கொண்டு கைகாலை அசைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது கூத்தையாவுக்கு. கடைசியில் ஓட்டம் நின்று, ஒரு சின்ன வெள்ளைக்கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது.

"என்ன சொல்லுது டீச்சர்?"

"யாரு வந்திருக்கீகன்னு கேக்குதுண்ணே."

எட்டு கம்ப்யூட்டருக்கும் வழி செய்ய அவளுக்கு மேலும் பத்து நாள் பிடித்தது. செத்த டிஸ்க்குகளைக் கழற்றினாள். ஒயர் வழியாகவே எழும்பும்படி ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் முடிந்த அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூத்தையாவைக் கூப்பிட்டாள்.

"ஒவ்வொண்ணா சுவிட்சைப் போடுங்க."

முதல் கம்ப்யூட்டர். கொஞ்ச நேரம் கறுப்பு. கூத்தையா திரையைப் பார்க்காமல், அறை மூலையில் இருந்த சர்வரைப் பார்த்தார். அதன் இரண்டு பச்சை விளக்குகளும் படபடவென்று துடித்தன. துடித்து அடங்கியதும் முதல் கம்ப்யூட்டரில் வெளிச்சம் வந்தது. இரண்டாவதைப் போட்டார். மறுபடி துடிப்பு. மூன்று, நான்கு. டிஸ்க் இல்லாத, உள்ளே காலியான கூடுகள். ஒரு வருசத்துக்கு மேலாகத் துணி போர்த்தி மூடிக்கிடந்தவை. மூலையில் இருந்த கிழட்டுப் பெட்டி மூச்சைக் கொடுக்கக் கொடுக்க, வரிசையாகக் கண் திறந்தன. எட்டாவது திறந்தபோது அறை முழுக்க நீல வெளிச்சம் பரவியிருந்தது. கூத்தையாவின் கைமயிர் குத்திட்டு நின்றது.

"கிட்ட வந்து பாருங்கண்ணே" என்றாள் நாகலெட்சுமி.

அவர் எட்டாவது கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்தார். தமாமில் திரைகளில் ஓடியதெல்லாம் இங்கிலீஷ், இல்லாவிட்டால் அரபி. அவருக்கு அவை கோலம் மாதிரிதான். இதிலும் கோலம்தான் இருக்கும் என்று நினைத்தவருக்கு ஒரு கணம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு உதடு அசைந்தது.

"ப... ய... னர்... பெயர்." நிமிர்ந்தார். "டீச்சர், தமிழு!"

"ஆமாண்ணே. எங்கேயோ இருக்கிற நம்ம ஆளுக உக்காந்து ஒவ்வொரு சொல்லா மாத்திக் கொடுத்திருக்காக."

"கடவுச்சொல்" என்று அடுத்ததைப் படித்தார். அவள் எழுத்துகளைக் காட்டிக்கொடுக்க, ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டினார். உள்ளே போனதும் மேலே வரிசையாகச் சொற்கள் நின்றன. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். "இடங்கள்... கோப்பு... திற... சேமி..." பெட்டிகள் இத்தனை வருசமும் தங்களுக்குள் பேசிக்கொண்டதெல்லாம் இதுதானா! திற, மூடு, எழுது, பத்திரப்படுத்து. அவருக்குத் தெரிந்த சொற்கள்தான். அன்று அவர் சாப்பிடப் போகவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் கூச்சலோடு உள்ளே ஓடிவந்து எட்டு நாற்காலிகளுக்கும் முண்டிக்கொண்ட பிறகுதான் எழுந்தார்.

சேதுலட்சுமியும் வந்து பார்த்தார். வாய்மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலோரமே நின்றார். "யாரும்மா இதைச் செஞ்சது? மெக்கானிக் யாரும் வந்தாகளா?"

"நானும் கூத்தையாண்ணனும்" என்றாள் நாகலெட்சுமி.

அடுத்த சனிக்கிழமை கூத்தையா தன் மனைவி மீனம்மாளைப் பஸ்ஸில் கூட்டிவந்தார். வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதங்களில் அவர் 'ஆபீஸ் வேலை' என்று மட்டும்தான் எழுதியிருந்தார். துடைக்கிற வேலை என்று ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பது ஒன்று. அந்த அறையை எப்படிச் சொல்வது என்று தெரியாதது இன்னொன்று. மீனம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சர்வரின் முன்னால் வந்து நின்றாள்.

"இதுவா?"

"இதே மாதிரி நாப்பது இருக்கும் அங்கன."

"என்ன செய்யுது இது?"

கூத்தையா யோசித்தார். எப்படிச் சொன்னாலும் சின்னதாகப் போய்விடும்போல இருந்தது. அவள் கையைப் பிடித்துப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். விசிறிகள் தள்ளிய வெப்பக் காற்று அவள் உள்ளங்கையில் பட்டது. மீனம்மாள் சட்டென்று கையை எடுத்தாள். பிறகு தானாகவே மறுபடியும் கொண்டுபோய் வைத்தாள்.

"மூச்சு விடுதுங்க" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"இத்தனை உசிருக்கு நடுவுலயா இருந்தீக? நான், நீங்க அங்கன ஒத்தையில கெடந்து தவிக்கிறீகன்னுல்ல பதிமூணு வருசமும் அழுதுக்கிட்டு இருந்தேன்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்குகள் சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.